அம்மா பார்க்கக் கேட்ட மொட்டு

விம்பிள்டன் பூங்காவின் செர்ரி மரங்கள் இன்று முழுவதும் மலர்ந்து நிற்கின்றன. இதைக் காட்டுவதற்காகவே, சென்ற ஆண்டுகளில் இவை பூத்த தேதிகளை ஒப்பிட்டு அம்மாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். அவர் முந்தாநாள் மதுரைக்குத் திரும்பிவிட்டார். "மொட்டா இருந்தாலும் பாத்துட்டு வரலாமேடி" என்று அவர் இருமுறை கேட்டபோது, மலரட்டும் என்று தடுத்தவள் நான்.

முதிய தாயுடன் வந்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருவர் கைபேசியை என்னிடம் நீட்டுகிறார்.

"தங்கச்சி, என்னையும் அம்மாவையும் ஒரு படம் எடுத்துத் தாரும்."

எடுத்துக் கொடுக்கிறேன்.

"நீர் தனியவோ வந்தனீர்?"

"ஆமாங்க. எங்கம்மா முந்தாநாள்தான் ஊருக்குப் போனாங்க."

"பூக்க முந்தியே அனுப்பிப்போட்டீரே."

தாழ்ந்த கிளையொன்றில் இன்னும் விரியாத மொட்டு ஒன்று இருக்கிறது. அதை மட்டும் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறேன்.