விரலை எடுத்த பிறகு

1. கேக் எத்தனை என்று கேட்டேன்

நத்தாருக்கு முதல் நாள் காலை. என் இரண்டு கையிலும் கிறிஸ்மஸ் பணியாரத்துக்குக் குழைத்த பயற்றம் மா. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கதைத்தேன். அன்புவழிபுரத்தில் இருபத்தாறு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள் நான். ஊருக்கு 'மிட்வைஃப் மிஸ்'. லீவு நாளிலும் போன் வரும், எடுக்கத்தான் வேண்டும். அன்று எடுத்தேன், ஆனால் எரிச்சலோடு எடுத்தேன்.

கதைத்தது றெஜினா. எங்கள் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருந்து, வீட்டிலேயே கேக் போட்டு விற்கிறவள். வயிற்றில் முதல் பிள்ளை, முப்பத்தைந்தாவது வாரம்.

"மிஸ், விடிய எழும்பினதில இருந்து சரியான தலையிடி. சத்தி வாற மாதிரியும் கிடக்கு. குளிசை ஒண்டு போடவோ?"

"எத்தினை கேக் போட்டனீங்கள்?"

"ஒன்பது மிஸ். ஓடர் இன்னும் ரெண்டு இருக்கு."

"பிறகென்ன? போறணைச் சூட்டில நிண்டா தலையிடிக்காதோ? கிளினிக்கில காட்டித் தந்தனான்தானே, மணிக்கட்டை அமத்துங்கோ. மனுசனைக் கொண்டு காலையும் அமத்துவியுங்கோ. கொஞ்சம் படுங்கோ."

"ஓம் மிஸ்."

போனை வைத்துவிட்டு உருண்டை பிடிக்கப் போய்விட்டேன்.

கிளினிக்கில் காட்டித் தந்தது அக்குபிரஷர், விரலால் அழுத்துகிற வைத்தியம். இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் படித்து வந்து, பண்டிகைக் காலத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தேன். குமட்டலுக்கு, மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கும் நடுவில். களைப்புக்கும் கால் உளைவுக்கும், முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரல், வெளிப்பக்கம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையையும், உள்கணுக்காலுக்கு மேலேயும் கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். என்னை அறியாமலே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தேன்.

ஆனால் நிறைமாதத்துக்குக் கிட்ட ஒருத்தி தலையிடி என்றால் முதலில் கேட்க வேண்டியது வேறு. கண் மின்னுதா? நெஞ்சுக்குழி நோகுதா? முகம், கை வீங்கியிருக்கா? சாதாரண நாளில் நித்திரையிலும் கேட்பேன். அன்று கேக் எத்தனை என்று கேட்டேன்.

2. யூட்டின் சந்தேகம்

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். யூட் அழைத்தான். றெஜினாவின் மனுசன். துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டுகிற வேலை. கதை குறைவு, மரியாதை கூட.

"மிஸ், கரைச்சலுக்கு மன்னிக்கோணும். ஒரு சின்னச் சந்தேகம்."

"சொல்லுங்கோ."

"நீங்கள் சொன்ன மாதிரி முழங்காலுக்குக் கீழ அமத்தினனான். நல்லா வேலை செய்யுது போல. விரலை எடுத்தாப் பிறகும் குழி அப்பிடியே நிக்குது. அது எவ்வளவு நேரம் நிக்க வேணும் மிஸ்?"

வைத்தியத்தின் பலன் என்று அந்த மனுசன் சந்தோசப்படுகிறான். கணுக்காலில் கொஞ்சம் வீக்கம் நிறைமாதத்தில் பலருக்கும் வரும். முழங்கால் வரைக்கும் ஏறி, அமத்தின குழி எழும்பாமல் நின்றால் அது பிரஷர் ஏறி வலிப்பு வரப்போகிறதன் அறிகுறியாக இருக்கலாம்.

"இனி அமத்த வேண்டாம். இடப்பக்கம் சரிஞ்சு படுக்கச் சொல்லுங்கோ. ஓட்டோ ஒண்டைப் பிடிச்சு வாசல்ல நிப்பாட்டுங்கோ. நான் வாறன்."

"ஏன் மிஸ்?"

"வாறன் எண்டனெல்லோ!"

கையைக்கூடக் கழுவவில்லை. பிரஷர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த நாலு ஒழுங்கையும் அன்றைக்குப் போல நீண்டதை நான் கண்டதில்லை.

றெஜினா படுக்கவில்லை. குசினிக் கதிரையில் இருந்து கேக்குக்கு ஐசிங் பூசிக்கொண்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது. கலியாண மோதிரம் விரல் சதைக்குள் புதைந்திருந்தது. பிரஷர் பார்த்தேன். நூற்றி எழுபது, கீழே நூற்றிப் பத்து. நம்பாமல் மற்றக் கையிலும் பார்த்தேன். அதே எண்தான்.

"கண்ணுக்கு முன்னால ஏதும் மின்னுதோ பிள்ளை?"

"ஓம் மிஸ், காலமையில இருந்து. லைட்டில பிழையாக்கும் எண்டு நினைச்சன்."

"எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்கு."

"போறணைக்குள்ள கேக் வேகுது மிஸ். இன்னும் இருவது நிமிசம்தான். பாதியில விட ஏலாது."

நான் போய் போறணையை நிற்பாட்டினேன். அவள் அழுதாள். யூட் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் இருத்தினான்.

3. ஓட்டோவில்

பண்டிகைச் சனத்தில் கடைத்தெரு அசையவில்லை. ஓட்டோக்காரர் ஹோன் அடித்தே களைத்துப்போனார். வார்டுக்குப் போன் போட்டு பிரஷரைச் சொல்லி, லேபர் ரூமில் ஆயத்தமாக இருக்கச் சொன்னேன். றெஜினா என் தோளில் சாய்ந்திருந்தாள். அவளுடைய வலது பெருவிரல் இடது மணிக்கட்டில் இறுகி நின்றது.

"நீங்கள் சொன்ன இடத்தை விடாமல் அமத்திக்கொண்டுதான் இருக்கிறன் மிஸ்," என்றாள். "குறையுதில்லை."

அந்தப் பேச்சு இன்றைக்கும் என் நெஞ்சைக் குத்துகிறது. அவளுடைய கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். வலிப்பு மட்டும் இங்கே வந்துவிடக் கூடாது மாதாவே என்று வழி முழுக்க மன்றாடினேன்.

வலிப்பு வந்தது. லேபர் ரூம் கட்டிலில் ஏற்றி, நரம்பில் ஊசி ஏற்றத் தொடங்கும்போது வந்தது. நாலு பேர் பிடித்தார்கள். மக்னீசியம் போட்டு, அடங்கின பிறகு சீசர் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. தாயும் தப்பினாள். டொக்டர் வெளியே வந்து, "பத்து நிமிசம் பிந்தியிருந்தா வலிப்பு ரோட்டிலதான் மிஸ்," என்று மட்டும் சொன்னார்.

யூட் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பயற்றம் மா இன்னும் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கள் அந்த அமத்திறதைச் சொல்லித் தந்தபடியாத்தான் மிஸ் ரெண்டு பேரும் தப்பினவை."

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஏலவில்லை.

"இல்லை யூட். காலமை அவ தலையிடி எண்டு சொன்னவ. நான் கேக்க வேண்டியதைக் கேக்கேல்லை. அப்பவே கேட்டிருந்தா வலிப்பு வந்திராது."

அவன் என் கையை விட்டான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"இனி எல்லாரிட்டயும் கேளுங்கோ மிஸ்," என்றான்.

ஓய்வு பெறும் வரைக்கும் கேட்டேன். அக்குபிரஷரையும் விடவில்லை, அதில் பிழை இல்லை. குமட்டலுக்கும் களைப்புக்கும் நல்ல கைவைத்தியம்தான். சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கை மட்டும் மாற்றினேன். முதலில் அந்த மூன்று கேள்வி. பிறகு எங்கே அமத்துவது என்பது. கடைசியாக, ஒவ்வொரு தாயையும் தன் காலில் அமத்தச் சொல்லி, விரலை எடுக்கச் சொல்லி, எடுத்த இடத்தைப் பார்க்கச் சொல்வேன். குழி நின்றால் உடனே எனக்குப் போன் எடுக்க வேண்டும், நத்தாரோ பெருநாளோ பொங்கலோ.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, நீங்களும் பண்டிகை நாளில் கையில் மாவோடு போன் எடுப்பீர்கள். முதலில் கையைக் கழுவுங்கள், பிறகு அந்த மூன்றையும் கேளுங்கள்.