தட்டிப் பார்த்த பந்துகள்

புனேயின் கோர்படியில், விளையாட்டுச் சாமான் கடையில் ஒவ்வொரு ஹாக்கிப் பந்தையும் காதோரம் வைத்துத் தட்டினேன். “நாரியல் நஹி ஹை, மேடம்!” இது தேங்காய் இல்லையாம், கடைக்காரர் சிரித்தார். ஒன்று உள்ளே கரகரத்தது.

சின்ன வயதில் எங்கள் ரயில்வே காலனியில் கேட்ட அதே கரகரப்பு. எங்கள் கிளப்பின் தேய்ந்த பந்துகளுக்கு அப்பா கேன்வாஸ் ஷூ வெள்ளையைப் பூசி வெயிலில் உருட்டுவார். வாசலெல்லாம் ஈரச் சுண்ணாம்பு மணக்கும். “பாருடி, புதுசாயிடுச்சு!”

அக்காவின் தேர்வு ஆட்டத்துக்கும் அப்படிப் பூசிய பந்துதான். தேறினால் ரயில்வே வேலை, தவறினால் கல்யாணம். கடைசி பெனால்டியில் அக்கா அடித்த பந்து பிளந்தது. பாதி வலைக்குள், பாதி வெளியே. “மறுபடி அடி” என்றார் நடுவர். அக்கா ஓங்கி அடித்தாள். இரண்டாவது பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது.

நாளை நான் பயிற்சி தரும் பெண்களுக்குத் தேர்வு ஆட்டம். கடைக்காரரிடம் இன்னொரு பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

“சப் நயா ஹை, மேடம்.”

எல்லாம் புதுசாம். அப்பாவும் அதைத்தான் சொன்னார். தட்டுவதை என்னால் நிறுத்த முடியவில்லை.