கலீல் ஏறிய கோட்டைகளும் என் பாஸ்போர்ட்டும்

கலீலுர் ரஹ்மானுக்குப் பொய்க்கல் செய்கிற வேலை. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருந்த எங்கள் கம்பெனியில் சிமெண்டோடு கண்ணாடி நாரைக் கலந்து அச்சில் அடித்து, பார்க்கிறவன் பழங்காலத்துப் பாறை என்று நம்புகிற மாதிரிப் பலகைகள் எடுப்பார்கள். ஹோட்டல் வாசலில் கோட்டைச் சுவர் வேண்டும் என்பான் ஒருவன், வில்லாவுக்குக் கொத்தளம் வேண்டும் என்பான் இன்னொருவன். எல்லாம் கலீலின் கையால் வார்த்ததுதான். விரலால் தட்டினால் தகர டப்பா மாதிரிச் சத்தம் வரும்.

நான் உடையப்பன், அதே கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். ஷார்ஜாவிலேயே ரோலா என்கிற பகுதியில் ஒரே ரூம் எங்களுக்கு. மேல் கட்டில் அவனுக்கு, கீழ்க் கட்டில் எனக்கு.

கலீல் காரைக்கால் பையன். அவனுடைய லாத்தா, அதாவது அக்கா, ருக்கையா வாழ்க்கைப்பட்டது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில். கல்யாணமானதும் அவள் பிரான்சின் தென்கோடியில் பெர்பிஞான் என்கிற ஊருக்குப் போய்விட்டாள். அங்கிருந்து தம்பிக்கு அனுப்பிய போஸ்ட் கார்டுகளில் எல்லாம் இடிந்த கோட்டைகள். மொட்டை மலையின் உச்சியில், பாறை எங்கே முடிகிறது சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நிற்கும். மற்றவர்கள் கட்டிலோரம் நடிகை படம் ஒட்டினார்கள். இவன் குட்டிச்சுவரை ஒட்டினான்.

"நிஜக் கல்லை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்ணே" என்பான்.

"கல்லைத் தொட பிரான்ஸுக்குப் போகணுமாடா? ஊர்ல கல்லு இல்லையா?"

"காரைக்கால்ல ஏதுண்ணே கல்லு? எங்க தோண்டினாலும் களிமண்ணு."

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

2005இல் லாத்தா அழைப்பு அனுப்பினாள். யாருமே எதிர்பார்க்கவில்லை, விசாவும் கிடைத்துவிட்டது. சிக்கல் கம்பெனியில்தான். எங்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஆபீஸ் லாக்கரில் இருக்கும். லீவில் போகிறவன் தன்னுடையதை வாங்க வேண்டுமானால் இன்னொருவன் ஜாமீன் நிற்க வேண்டும். போனவன் திரும்பும்வரை ஜாமீன் நின்றவனின் பாஸ்போர்ட் வெளியே வராது. அவனுக்கு ஊர் லீவும் கிடையாது. ஊருக்குப் போகிறவனுக்கு ஜாமீன் நிற்க யாரும் தயங்குவதில்லை. ஐரோப்பாவுக்கு விசிட்டில் போகிறவனுக்கு எந்த மடையன் நிற்பான்?

நான் நின்றேன். அதுவும் எப்போது? ஆவணியில் எனக்கு முகூர்த்தம் குறித்து, நாகவள்ளி வீட்டில் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த சமயத்தில்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றான் ரூமில் இருந்த மணிமாறன். "அக்கா வீடு அங்க இருக்கு. வேலை வாங்கிக் குடுக்க மச்சான் இருக்கான். போனவன் எதுக்குத் திரும்பி வரணும்?"

முந்தின வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, டியூட்டி முடிந்து வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவன் கலீல்தான். அந்தக் கஞ்சியைக் குடித்த வாயால் முடியாது என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டேன். என் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. விமானம் ஏறும் முன் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அந்த ஒரு மணி அடித்தால் ஆள் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம்.

"வந்துருவியாடா?"

"இன்ஷா அல்லா, அண்ணே."

"அல்லா நாடுவான். நீயும் கொஞ்சம் நாடு."

முதல் வாரம் லாத்தாவின் போனிலிருந்து பேசினான். கார்கசோன் என்ற ஊருக்குக் கூட்டிப் போனார்களாம். இரண்டு சுற்று மதில், வரிசையாகக் கூம்புக் கூரைக் கோபுரங்கள். "ஆனா அதெல்லாம் பின்னாடி ரிப்பேர் பண்ணினதுண்ணே. பாத்தா தெரியுது" என்று குறைப்பட்டுக்கொண்டான். நான் கேட்டது ஒன்றுதான்: டிக்கெட்டை ரீகன்ஃபர்ம் பண்ணிவிட்டாயா?

அடுத்து பேசியபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. போஸ்ட் கார்டில் பார்த்த பெய்ரபெர்துஸ் கோட்டைக்கே ஏறிவிட்டானாம். மலை முதுகு நீளத்துக்கும் சுவர்தான்; கூரை என்று எதுவும் இல்லை, ஜன்னல் ஓட்டை வழியாகப் பார்த்தால் கீழே திராட்சைத் தோட்டங்கள்.

"சுவத்தைத் தட்டிப் பாத்தேண்ணே. சத்தமே வரலை. கைதான் வலிக்குது."

அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் குரலில் நான் கேட்டதில்லை. திரும்புகிற தேதியைக் கேட்க வாயெடுத்தேன். பின்னால் லாத்தாவின் குரல், "நீ இங்கயே இருந்துடேன் தம்பி, மச்சான் பாத்துக்குவாரு" என்றது. லைன் போய்விட்டது.

அதற்குப் பிறகு போனே இல்லை. நான் கூப்பிட்டால் லாத்தா எடுப்பாள், வெளியே போயிருக்கிறான் என்பாள். ஊரிலிருந்து மாமனார் பேசுவார், டிக்கெட் போட்டாச்சா மாப்பிள்ளை என்பார். ஆச்சு மாமா என்பேன். சோறு இறங்கவில்லை. மேல் கட்டிலோரம் ஒட்டியிருந்த குட்டிச்சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கிழித்துப் போடலாமா என்று வந்தது.

அவன் வரவேண்டிய நாளுக்கு முன்தினம் என் மொபைல் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. பிரான்ஸ் நம்பர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணிமாறனிடம் போனைக் காட்டி, "யாரைடா சந்தேகப்பட்ட?" என்று வேறு கேட்டேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு துபாய் ஏர்போர்ட்டுக்குப் போனேன். பிளைட் இறங்கியது. வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், குழந்தை குட்டியோடு குடும்பங்கள் வந்தன, கடைசியில் பைலட்டும் பணிப்பெண்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கலீல் வரவில்லை. லாத்தாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஏமாற்றிவிட்டான். கிளம்பிவிட்டேன் என்று மணியடித்து என் வாயை அடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அவனை என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று ரோலா வரும்வரை பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆபீஸில் மேனேஜர் தலையை நிமிர்த்தவில்லை. "அவன் வரும்வரை உன் பாஸ்போர்ட் மாஃபி. கலாஸ்" என்றார். கிடையாது, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கெஞ்சினேன். பத்திரிகையைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்து, பிள்ளையார் படம் அழகாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் ஊருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மாமனார் ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டார். நாகவள்ளியோடு நான் பேசுவது அது மூன்றாவதோ நாலாவதோ தடவை.

"அப்பாகிட்ட தேதியை மாத்தச் சொல்லவா, ஆளை மாத்தச் சொல்லவா?" என்றாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள் போலிருக்கிறது. எனக்குச் சிரிக்க வரவில்லை. இரண்டு நாள் பொறு என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. கலீல் நின்றான். முகமெல்லாம் வெயிலிலும் காற்றிலும் கறுத்து உதடு வெடித்திருந்தது. நான் எச்சில் கையோடு எழுந்து அவன் சட்டையைப் பிடித்தேன்.

"பிளைட்டைத் தவற விட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத்தான் காத்திருந்தேன்.

"இல்லண்ணே. ஏர்போர்ட்டுக்கே போகலை. இருந்துடலாம்னு முடிவு பண்ணித்தான் அந்த மிஸ்டு கால் குடுத்தேன்."

மணிமாறன் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். நான் சட்டையை விடவில்லை.

"அப்புறம் ஏன்டா வந்த?"

மச்சானுடைய தம்பியும் அந்த வீட்டில் இருந்தானாம். ஆறு வருஷம் முன்னால் விசிட்டில் போய்த் தங்கிவிட்டவன். அங்கே இருப்பதற்கான காகிதம் இல்லை, ஒரு ஹோட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறான். பிளைட் போன மறுநாள் காலையில் கலீல் கெரிபுஸ் கோட்டைக்குப் போகக் கிளம்பினான். பாறை மேல் தனியாக நிற்கிற ஒற்றைக் கோபுரம் அது. நீயும் வா என்று அவனைக் கூப்பிட்டிருக்கிறான்.

"அவன் வரமாட்டேன்ட்டான்ணே. ரோட்டுல போலீஸ் நிறுத்துவானாம். ஆறு வருஷமா ஒரு கோட்டைகூடப் பாத்ததில்லையாம். 'இனிமே நீயும் போகாதே, இன்னைலேருந்து நீயும் எங்க ஆளு'ன்னான். மச்சான் கார்ல போயிட்டேன். விசா இன்னும் இருக்கு, ஆனாலும் வழி பூரா தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன். மேல ஏறி நின்னா, காத்து ஆளைத் தள்ளுது. என்னால சுத்திப் பாக்க முடியலை. ஏறி வர்றவங்க யூனிபாரம் போட்டிருக்காங்களான்னே பாத்துட்டு இருந்தேன். கீழ இறங்கினதும் டிக்கெட்டை மாத்தச் சொல்லிட்டேன்."

"என் கல்யாணம்?"

"அதுக்காக வரலைண்ணே. பொய் சொல்லக் கூடாது. அது நெனப்புல இருந்துச்சு, இருந்தும் மிஸ்டு கால் குடுத்தேன்ல."

அறைந்துவிட்டேன். அவன் கன்னத்தில் சாம்பார் ஒட்டியது. துடைக்காமல் நின்றான். உங்கள் நினைப்பால் ஓடி வந்தேன் என்று அவன் சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேனோ என்னவோ. உண்மையைச் சொல்லி என் கோபத்துக்குத் துணையாக நின்றான் பாவி.

மறுநாள் ஆபீஸுக்குப் போனோம். அவன் பாஸ்போர்ட் உள்ளே போயிற்று, என் ஜாமீன் தீர்ந்தது. உடனே என் லீவு பாரத்தை நீட்டினேன். மேனேஜர் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"உனக்கு ஜாமீன் யார்?"

என் மண்டையில் அது ஏறவே இல்லை இத்தனை நாளும். மணிமாறனைக் கேட்டேன். என் கதியைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று குழந்தை மேல் சத்தியம் செய்திருப்பதாகச் சொன்னான். ஸ்டோரில் இரண்டு பேரைக் கேட்டேன். இருவரும் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது மேனேஜர் மேஜையருகே கலீல் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பாஸ்போர்ட்டில் பிரெஞ்சு விசா இன்னும் ஒரு மாதம் இருந்தது. இனி அது லாக்கரிலேயே கிடந்து தீரும். ஆனாலும் எனக்குக் கோபம் போகவில்லை.

"எனக்கு உன் மேல நம்பிக்கை போச்சுடா" என்றேன்.

பேனாவை மூடி வைத்தான். "எனக்கு உங்க மேல இருக்குல்லண்ணே. போயிட்டு வாங்க."