சாம்பசிவன் போட்ட பூட்டு

“ஊரில் உள்ள பூட்டெல்லாம் சாவியை நம்பிப் பிழைக்கிறது. என் பூட்டு என் மண்டையை நம்பிப் பிழைக்கிறது. துண்டுச் சீட்டில்கூட நான் எதையும் குறித்து வைத்ததில்லை. வைக்கவும் மாட்டேன்.”

1997 ஏப்ரலில், அஸ்தினாபுரம் காலனி சங்கக் கூட்டத்தில், தண்ணீர் லாரி விவகாரம் முடிந்து டீ வருவதற்குள் கிடைத்த இடைவெளியில் திருவாளர் சாம்பசிவன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் அலுவலகத்தில் அவர் சூப்பரின்டென்டென்ட். அந்தக் காலனியில் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்த முதல் குடும்பம் அவருடையது. ஆகவே அவர் சொன்னதை மறுக்க அங்கே யாருக்கும் தகுதி இல்லை.

பூட்டுவது அவருக்குப் பரம்பரைக் குணம். பீரோ சாவி பூணூலில் தொங்கும். ஃபோனுக்குப் பூட்டு, டி.வி. ஸ்டாண்டுக்குப் பூட்டு, மாவடு ஜாடி இருந்த அலமாரிக்குப் பூட்டு. கம்ப்யூட்டரில் சாவித் துவாரம் இல்லையே என்று இரண்டு மாதம் மனம் வாடிக் கிடந்தார். அலுவலக நண்பர் ஒருவர் ஃப்ளாப்பியில் ஒரு புரோகிராம் கொடுத்தார். எந்த ஃபோல்டரையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாமாம். அன்று மாலையே அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை ஃபோல்டர்களையும் பூட்டிவிட்டு, நிம்மதியாக இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அவற்றில் அவருடையது ஒன்றுதான். அதில் மின்வாரியத்துக்கு எழுதிய இரண்டு புகார் மனுக்கள் இருந்தன. மற்றவையெல்லாம் அவர் மனைவி ஞானாம்பாளுடையவை.

ஞானாம்பாள் குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியை. நாற்பத்து நான்கு வயதில் அஞ்சல் வழியில் எம்.ஃபில். சேர்ந்தவள். எட்டாம் வகுப்போடு பெண் பிள்ளைகளை ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவள் ஆய்வு. சுற்றுவட்டாரத்தில் அறுபத்தேழு வீடுகளின் வாசலில் நின்று கேட்டு வந்ததை, சமையல் முடித்த கையோடு இரண்டே விரலால் தட்டித் தட்டி நூற்றுப் பத்துப் பக்கம் ஆக்கியிருந்தாள். மே 12, திங்கட்கிழமை மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து.

தன் ஆய்வைத் தானே பார்க்க அவளுக்கு ஒரு சடங்கு விதிக்கப்பட்டது. கணவர் ஆபீஸிலிருந்து வர வேண்டும். காபி குடிக்க வேண்டும். பிறகு இவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவர் சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் தேடி, ஆறு முறை டக் டக்கென்று தட்டி, “ம், ஆயிடுத்து” என்பார். ஒரு மாதம் ஞானாம்பாள் இப்படிச் சுவருக்கு முகம் கொடுத்து நின்றாள். இதை எழுதும்போதே பேனாவை உடைக்கலாம் போல வருகிறது. ஆனால் திருவாளர் சாம்பசிவனின் வரலாறு பாதியில் நிற்கக் கூடாது.

மே 10, சனிக்கிழமை காலை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையில் பிரின்ட் எடுத்து பைண்டிங்குக்குக் கொடுப்பதாக ஞானாம்பாள் சொல்லியிருந்தாள். சுவரைப் பார்த்து நின்றாள். ஆறு டக் டக் கேட்டது. ‘ம், ஆயிடுத்து’ மட்டும் கேட்கவில்லை. மறுபடி ஆறு. மறுபடி ஆறு. பெட்டி ஒவ்வொரு முறையும் ‘பீப்’ என்று அவரை அவமதித்தது.

இங்கே ஒரு ராணுவ ரகசியத்தை வெளியிட வேண்டியிருக்கிறது. அந்தப் புகழ்பெற்ற மண்டைக்குள் பாஸ்வேர்டு இருந்ததே இல்லை. அது சட்டைப் பையில் இருந்தது. தன் மாதாந்திர ரயில் சீசன் டிக்கெட்டில் அச்சடித்திருந்த ஆறு இலக்க எண்ணைத்தான் அவர் பாஸ்வேர்டாக வைத்திருந்தார். எழுதி வைக்கவில்லை, உண்மைதான். ரயில்வேயே எழுதிக் கொடுத்திருந்தது. அந்த சீசன் முந்தின நாள், வெள்ளிக்கிழமையோடு காலாவதி. ஆபீஸ் விட்டதும் கோட்டை ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நின்று, பழைய சீசனைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி, பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் இவர்தான்.

இதைச் சொல்லியிருந்தால் அரை மணி நேரத் திட்டோடு போயிருக்கும். ஆனால் அவர் சூப்பரின்டென்டென்ட். ஆகவே வோல்டேஜ் குறைவு என்றார். கீபோர்டில் தூசி என்றார். இவள் மவுஸை அழுத்தின அழுத்தில்தான் பெட்டி கெட்டது என்றார். கோட்டைக்கு ஓடி கவுண்டரில் கெஞ்சியும் பார்த்தார். பழைய டிக்கெட்டெல்லாம் கட்டுக் கட்டி அனுப்பியாகிவிட்டது, புது டிக்கெட்டில் என்ன குறை என்று கேட்டு ஜன்னலைச் சாத்தினார்கள். திரும்பி வந்து எல்.ஐ.சி. பாலிசி எண், ரேஷன் கார்டு எண் எல்லாம் போட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் ஞானாம்பாள் சுவரிலிருந்து திரும்பினாள்.

“மறந்துட்டேள். அதானே?”

“மறக்கறதாவது. சிஸ்டம்ல ஏதோ கோளாறு.”

“நம்ம கல்யாணத் தேதியைப் போட்டுப் பாருங்கோ.”

சாம்பசிவன் கீபோர்டைக் கவிழ்த்துத் தூசி தட்டினார்.

“அதுவும் ஞாபகம் இல்லையா? சரி விடுங்கோ. என் பேப்பரைப் பூட்டச் சொல்லி உங்களை யார் கேட்டா? அந்தப் பொண்களை எல்லாம் யார் நிறுத்தினான்னு அறுபத்தேழு ஆத்துல போய்க் கேட்டேனே, நம்மாத்துல கேட்டிருந்தா அவ்வளவு தூரம் நடந்திருக்கவே வேண்டாம்.”

குரலை உயர்த்தவில்லை. அடுப்பை மட்டும் அணைத்தாள். அன்றிரவும் மறுநாள் காலையும் அந்த வீட்டில் உலை ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, வெறும் வயிறு வேலை செய்ததோ என்னவோ, சாம்பசிவனுக்கு ஒரு விஷயம் உதித்தது. போன மாதம் சீசன் வாங்கிய வரிசையில் அவருக்கு நேர் பின்னால் நின்றவர் சவுரிமுத்து. அதே அலுவலகத்தில் ரெக்கார்டு கிளார்க். சீட்டுகள் ஒரே கட்டிலிருந்து வரிசையாகக் கிழிபடுபவை. சவுரிமுத்துவின் எண் தன் எண்ணுக்கு அடுத்தது. அவர் புதன்கிழமையிலிருந்து லீவு. அதனால் பழைய சீசனை இன்னும் கொடுத்திருக்க மாட்டார்.

பொழிச்சலூரில் சவுரிமுத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அவர் மகளுக்கு அன்று புது நன்மை, சர்ச்சில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் விழா. வெள்ளை கவுனில் அந்தப் பெண், ஐம்பது உறவினர்கள், பிரியாணி மணம். பத்திரிகை வைத்தபோது வர முடியாது என்று சொல்லியிருந்த சூப்பரின்டென்டென்ட் வியர்த்து வந்து நின்றதைப் பார்த்து சவுரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சார், நீங்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்ல சார். சேர் போடுங்கப்பா.”

“சவுரிமுத்து, உன் பழைய சீசனைக் கொஞ்சம் காட்டறியா?”

“இன்னா சார், செக்கிங்கா? இன்னிக்கு லீவு சார்.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. சவுரிமுத்துவின் மைத்துனர், ரயில்வேக்காரங்க வீட்டுக்கே வந்துகினு கீறாங்களா என்று பெருமூச்சு விட்டார். சாம்பசிவன், சவுரிமுத்துவின் தோளில் கை போட்டு அவரை வாழைமரத்தருகே தள்ளிக்கொண்டு போய், நடந்ததை நாலே வரியில் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை தன் செருப்பில் இருந்தது.

சவுரிமுத்து சிரிக்கவில்லை. உள்ளே போய் சீசனை எடுத்து வந்து கையில் வைத்தார்.

“பேப்பர் தரவா சார்?”

“வேண்டாம். ஞாபகம் இருக்கும்.”

சீசனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பந்தலைத் தாண்டி, தெருமுனை வரை போனார். நின்றார். திரும்பி வந்து, மொய் எழுதிக்கொண்டிருந்தவரிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, சீசனை மறுபடி வாங்கிப் பார்த்து இடது உள்ளங்கையில் ஆறு இலக்கத்தையும் எழுதிக்கொண்டார். ஒன்று கழிக்கும் கணக்கையும் அதன் கீழேயே போட்டு, கோடு கிழித்து, விடை எழுதினார்.

மத்தியானம் ஒன்றரைக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஞானாம்பாளை சுவரைப் பார்க்கச் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் திரும்பியிருக்க மாட்டாள். பக்கத்திலேயே நின்றாள். அவர் இடது கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு முறை குனிந்து பார்த்து, வலது கையால் மெதுவாகத் தட்டினார். வியர்வையில் நான்காவது இலக்கம் கலைந்திருந்தது. அதற்கு மட்டும் இரண்டு முறை குனிந்தார். பெட்டி இந்த முறை ‘பீப்’ என்று சொல்லவில்லை.