தட்டோடு எந்தப் பக்கம்?

இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் எவ்வளவு வேர்க்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் தொழில்.

கேட்பதற்குக் கெத்தாக இருக்கும். உண்மையில் நாள் முழுக்க நான் செய்வது, கம்ப்யூட்டரில் வரைந்த கட்டடத்தின் ஒவ்வொரு சுவரையும் கூரையையும் தரையையும் கதவையும் தனித்தனியாகத் தொட்டு, "நீ செங்கல், நீ கான்க்ரீட், நீ மரம்" என்று சொல்லிக் கொடுப்பது. சொல்லாமல் விட்டால் அதுவாக எதையாவது நினைத்துக்கொள்ளும். நீங்களும் திரை முன்னால் கட்டம் கட்டமாக நிரப்பிப் பிழைக்கிறவர் என்றால், வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க. சேர்ந்தே புலம்பலாம்.

மே மாதத்தில் ஸ்வெட்டர்

விருதுநகரில் எங்கள் வீட்டு மாடிதான் என் ஆபீஸ். அங்கே ஒருநாள் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் படியேறி வந்தார். புதிதாக எட்டு பேக்கிங் ரூம் கட்டப்போகிறார். பட்டாசு ரூமுக்குள் கரண்ட் கூடாது. ஃபேனுக்கு வழியே இல்லை. போன சித்திரையில் பழைய ரூமில் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்த பேச்சியக்கா மத்தியானம் மயங்கி விழுந்துவிட்டார். அது அண்ணாச்சியின் மனசில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. கான்க்ரீட் கூரைக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதற்கு மேல் தட்டோடு என்கிற வெள்ளைத் தட்டை ஓடு பதித்தால் சூடு குறையும் என்கிறார் கொத்தனார். வீண் வேலை என்கிறார்கள் மற்ற கம்பெனிக்காரர்கள். "கொறையும்னா பதிக்கேன், கொறையலன்னா விட்டுருதேன். நீங்க சொல்லுததுதான் முடிவு" என்றார்.

ஜம்பமாகப் படம் வரைந்து, அவரை உட்கார வைத்துக்கொண்டே கணக்கை ஓடவிட்டேன். மே மாதம், பகல் இரண்டு மணி, ரூமுக்குள் இருபத்து நாலு டிகிரி. எனக்கே ஒரு நிமிஷம் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், ஒரு சுவருக்கும் எதுவுமே சொல்லிக் கொடுக்கவில்லை. சாஃப்ட்வேர் தன் ஊர்ச் சுவரையே வைத்துவிட்டது. பனி பெய்கிற ஊர்ச் சுவர், நடுவில் மெத்தை மாதிரி பஞ்சு. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க ஆளுகளுக்குத் தீபாவளிக்குச் சேலைக்குப் பதிலா ஸ்வெட்டர் எடுத்துக் குடுத்துரவா?"

தராசில் செங்கல்

சரி, நம்ம ஊர்ச் செங்கலையே சொல்லிக் கொடுப்போம் என்றால், அதன் கனம் எவ்வளவு என்று கேட்கிறது. புத்தகத்தில் இருக்கிற கணக்கு எந்த ஊர்ச் செங்கலுக்கோ. நான் பிடிவாதக்காரி. அண்ணாச்சியின் சைட்டில் இறக்கியிருந்த லோடிலிருந்து நாலு செங்கல் கேட்டு வாங்கி, நேரே என் வீட்டுக்காரரின் மிளகாய்க் கமிஷன் கடைக்குப் போனேன். மூட்டைகளை ஒதுக்கிவிட்டுத் தராசில் செங்கலை ஏற்றினேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் எறக்கு, யாராச்சும் வந்துரப் போறாக" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, வெளியூர் வியாபாரி ஒருவர் உள்ளே வந்துவிட்டார். தராசைப் பார்த்தார், மிளகாய் மூட்டையைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"கலக்குததுதான் கலக்குதீக மொதலாளி, பொடியாக்கிட்டாவது கலக்கக் கூடாதா?"

நாலு கதவு

அடுத்து கதவு. எந்தெந்த நேரம் சாத்தியிருக்கும் என்று கேட்டது. இதைத் தெரிந்துகொள்ள நோட்டைத் தூக்கிக்கொண்டு தாயில்பட்டிக்கே போனேன். வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழைய ரூமில் நாலு பக்கமும் கதவு, கதவுக்கு ஒருவராக நாலு பெண்கள். அதில் ஒருவர் பேச்சியக்கா. கை அதுபாட்டுக்குப் பெட்டியில் வெடியை அடுக்கிக்கொண்டிருந்தது. மயங்கி விழுந்ததைப் பற்றிக் கேட்டேன். "அது ஒண்ணுமில்ல இஞ்சினியரம்மா, கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. ரெண்டு நாளு வீட்டுல கெடந்தேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரூமில் நின்ற பத்து நிமிஷத்தில் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

நோட்டைத் திறந்து, கதவை எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள் என்று கேட்டேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சியக்காதான் பதில் சொன்னார்.

"உள்ள ஆளு இருக்கையில சாத்துனா, நாங்க ஓடுததுக்குச் சொவத்தையா ஒடைக்கிறது?"

அரை டிகிரி

எட்டு ரூம், ரூமுக்கு நாலு சுவர், நாலு கதவு, ஒரு கூரை, ஒரு தரை. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொல்லி முடித்தேன். ஏசி? இல்லை. ஃபேன்? இல்லை. லைட்? இல்லை. தட்டோடு பதித்த கூரை ஒன்று, பதிக்காத கூரை ஒன்று என்று இரண்டு விதமாகவும் ஓடவிட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் அரை டிகிரிதான் வந்தது.

இரண்டு தரம் பார்த்தேன், அதேதான். பேச்சியக்கா முகம் கண் முன்னால் வந்து நின்றது. அதற்காகக் கம்ப்யூட்டர் சொன்னதை மாற்றிச் சொல்ல முடியுமா? ரிப்போர்ட்டைப் படம் போட்டு எழுதி, அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"அரை டிகிரிக்கு எதுக்கும்மா ஓடு? வேண்டாம்னு கொத்தனார்ட்ட சொல்லிருதேன். பேச்சிட்ட என்ன சொல்லுததுன்னுதான் தெரியல."

கொத்தனார் பார்த்த படம்

ரிப்போர்ட்டைக் கொடுக்க சைட்டுக்குப் போனபோது அண்ணாச்சி இன்னும் வரவில்லை. கொத்தனார் சுடலைமுத்து மட்டும் இருந்தார். ஓடு வேண்டாம் என்றதில் ஆளுக்கு என் மேல் வருத்தம். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். கூரையைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படம் வந்ததும் நின்றார். தாளைத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராக்கினார்.

"ஏன் மேடம், தட்டோட்ட ரூமுக்குள்ள, பேக்கிங் பாக்குதவுக தலைக்கு மேலயா பதிக்கச் சொல்லுதீக?"

நான் நின்ற நிலை

சாஃப்ட்வேரில் ஒரு சட்டம் உண்டு. கூரையில் என்னென்ன அடுக்கு இருக்கிறது என்று எழுதும்போது, வெயில் படுகிற வெளிப்பக்கத்தில் தொடங்கி உள்ளே வரவேண்டும். நானோ கொத்தனார் வேலை பார்க்கிற வரிசையிலேயே எழுதியிருந்தேன். முதலில் கான்க்ரீட், அப்புறம் ஜல்லி, கடைசியில் ஓடு. அதனால் வெறும் கான்க்ரீட் வெயிலில் காய, வெள்ளை ஓடு நிழலில் சும்மா கிடந்திருக்கிறது. அங்கேயே ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சுடலைமுத்து மட்டும் படத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால், என் பிசகுக்காக வருஷம் வருஷம் பேச்சியக்காதான் வெந்திருப்பார். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து வரிசையைத் திருப்பிப் போட்டேன். வித்தியாசம் மூன்றரை டிகிரி. கதவெல்லாம் திறந்தபடியேதான். அண்ணாச்சியிடம் நேரில் போய், தப்பு என்னுடையது, ஓடு பதிக்கத்தான் வேண்டும் என்றேன். "மொதல்ல ஸ்வெட்டருங்கீக, பெறகு அரைங்கீக, இப்ப மூணரைங்கீக. இதுலயாவது நிப்பீகளா?" என்று கேட்டார். "நிக்கேன் அண்ணாச்சி. சித்திரையில நானே வந்து அந்த ரூமுல உக்காந்து காட்டுதேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் அங்கேயே கொத்தனாரைக் கூப்பிட்டு ஓடு இறக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பேச்சி பக்கத்துல ஒரு எடம் போட்டு வைக்கச் சொல்லுதேன். காலையில எட்டு மணிக்கு வந்துரணும்."

சித்திரையில்

வாக்கு கொடுத்தாயிற்றே, ஓடு பதித்த புது ரூமுக்குப் போனேன். பேட்டரி போட்ட கருவி எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுபோனேன். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பேச்சியக்கா தன் பக்கத்தில் இருந்த பெண்ணை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார். கையில் அட்டைப்பெட்டிக் கட்டு ஒன்றையும் கொடுத்தார். சும்மா உட்கார்ந்திருக்கிறவள் மடித்தால் என்னவாம் என்று கேட்டார்.

மடித்தேன். வேர்த்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரவிக்கை முதுகோடு ஒட்டவில்லை. இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சொன்னதற்கும் அதற்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கணக்கு சரியாக வந்ததைச் சத்தமாகச் சொல்லவும் செய்தேன். பேச்சியக்கா கட்டின பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இங்கன நல்லாத்தான் இருக்கு இஞ்சினியரம்மா. சாயங்காலம் வீட்டுக்குப் போனாத்தான் தகரத்துக்குக் கீழ வேகணும். அந்தத் தகரத்த உங்க கம்ப்யூட்டர்ல எந்தப் பக்கம் திருப்பிப் போடணும்?"

எதற்கு மேல் எது இருக்கிறது என்று சரியாகச் சொல்வதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கூரைக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இருக்கிறார்கள்.