அண்ணனுக்குக் கேட்ட மருந்து

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் லிஃப்ட்காரரிடம் ஒரு பழக்கம். ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட் இருந்து, அதில் ஒன்று படுத்துவிட்டால், மனிதர் பழுது எங்கே என்று காட்டும் மீட்டரைத் தொடவே மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டை நிறுத்தி, அதன் கன்ட்ரோல் போர்டைக் கழற்றி, நின்றுபோனதில் மாட்டுவார். ஓடினால் பழுது போர்டில். ஓடாவிட்டால் வேறெங்கோ. ஏழாம் மாடிக்காரர்கள் படியேறி மூச்சிரைக்க, "நல்லா ஓடுறதையும் நிறுத்திட்டாரே இந்த மனுஷன்!" என்று திட்டுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இருபத்தெட்டு வருஷமாக அந்த வித்தை அவரைக் கைவிட்டதில்லை.

அந்தப் புத்தியோடுதான் புற்றுநோய் டாக்டரிடமும் போனார். குடலில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருக்கிறது என்று ஸ்கேன் சொல்லியிருந்தது. வேறு ஆளாயிருந்தால் ஆடிப்போயிருப்பார். இவர் கையில்தான் அண்ணனுடைய ஃபைல் இருந்ததே! அண்ணனுக்கும் இதே குடல், இதே கட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இம்யூனோதெரபி என்று நரம்பில் ஏற்றினார்கள்; கட்டி இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. இப்போது அண்ணன் காலையில் நடக்கிறார், மாலையில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறார்.

"டாக்டரம்மா, இது எங்க அண்ணனோட ஜீன் ரிப்போர்ட். அவருக்கு ஏத்தின மருந்தையே எனக்கும் ஏத்திடுங்க. ஒரே வயித்துல பொறந்தவங்க நாங்க."

கூட வந்திருந்த மகள் அவர் சட்டையை லேசாக இழுத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ரிப்போர்ட் அவரோடது சார். கட்டி உங்களோடது," என்றார் டாக்டர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். செல் தன்னையே படி எடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்த ஒரு ஜீன் உண்டு. அண்ணனுக்கு அதில் பிறவிக் கோளாறு. நோய் வந்ததே அதனால்தான். ஆனால் அந்தக் கோளாறாலேயே அவர் கட்டியில் பிழைகள் குவிந்து, உடம்பின் காவல்படைக்கு அது அந்நியனாகத் தெரிந்தது. மருந்து அந்தப் படையைப் பிடித்து நிறுத்தியிருந்த பிரேக்கை விட்டது, அவ்வளவுதான்.

"உங்களுக்கும் அந்தக் கோளாறு இருந்தா மருந்து கேட்க நல்ல வாய்ப்பு இருக்கு. இல்லன்னா பெரும்பாலும் கேட்காது. இருந்தா, உங்க பொண்ணுக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கட்டியையும் ரத்தத்தையும் சோதிச்சுப் பாத்துடுவோம். மூணு வாரம் ஆகும்."

லிஃப்ட்காரர் காதில் முதல் வாக்கியம்தான் ஏறியது. அன்றிலிருந்து, கோளாறு எனக்கும் இருக்கட்டும் கடவுளே என்று ஒரே வேண்டுதல். இப்படியும் ஒரு வேண்டுதல் உலகத்தில் உண்டா! அண்ணன் வேறு வந்து தெம்பூட்டினார். "உனக்கும் இருக்கும்டா. அப்பாவோட மூக்கு ரெண்டு பேருக்கும் அப்படியே வந்திருக்கு, இது மட்டும் வராமலா போயிடும்?"

வரவில்லை.

"கட்டியிலயும் இல்ல, ரத்தத்துலயும் இல்ல சார்," என்றார் டாக்டர், மூன்று வாரம் கழித்து.

"சும்மா ஒரு தடவ ஏத்தித்தான் பாப்போமே?"

"பிரேக்க விடலாம். ஆனா உங்க கட்டி பாக்க உங்க சொந்தச் செல் மாதிரியே இருக்கு. படை அதைக் கண்டுக்காது. நமக்குத்தான் நாள் வீணாப் போகும்."

பிரேக் கதை அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த மாடிக்குப் போவதென்று தெரியாத லிஃப்டுக்குப் பிரேக்கை விட்டு என்ன பிரயோஜனம்? தலையாட்டினார். திங்கட்கிழமை கீமோ ஆரம்பிப்பது, கட்டி சுருங்கினால் ஈரலில் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பது என்று முடிவாயிற்று. எழுந்திருக்கும்போது டாக்டர், "ஒரு நல்ல சேதியும் இருக்கு. உங்ககிட்ட இல்லாதது உங்ககிட்டேருந்து உங்க பொண்ணுக்கு வந்திருக்க முடியாது," என்றார்.

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவர் மகள் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

"மூணு வாரமா எனக்கு அது இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேம்மா. அப்படின்னா உனக்கும் வரட்டும்னுதானே அர்த்தம்? பாவி, எனக்கு உறைக்கவே இல்ல."

மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கு அன்னைக்கே உறைச்சுதுப்பா," என்றாள். "தெரிஞ்சுதான் நானும் அதையே வேண்டிக்கிட்டேன்."

லிஃப்ட்காரர் அழுதுவிட்டார். நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.