பதினைந்து சுற்று

நாகல் நகரில் எங்கள் பட்டறை. லேத் அப்பாவுக்கு, துளை போடுகிற வேலை அம்மாவுக்கு. துளை மிஷினுக்கு அடியில் ரோட்டரி டேபிள் என்று ஒரு வட்ட மேசை. அதன் கைப்பிடியைத் தொண்ணூறு தடவை சுற்றினால்தான் மேசை ஒருமுறை முழுதாகச் சுற்றும். உள்ளே ஒரு திருகு, பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளும். ஆறு துளை வேண்டுமென்றால் துளைக்குப் பதினைந்து சுற்று. எனக்கு எட்டு வயது. பதினைந்தாம் வாய்ப்பாடு தெரியும் என்ற திமிர் வேறு.

அன்று தொப்பம்பட்டிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் உடைந்து இரண்டு நாளாகக் கத்தரிக்குத் தண்ணீர் இல்லை. புதுக் கப்ளிங்கில் அம்மா நான்கு துளை போட்டாள். ஐந்தாவதுக்கும் சுற்றி நிறுத்திவிட்டு, சோற்று உலை பொங்குகிறதென்று வீட்டுக்குள் ஓடினாள்.

நான் சும்மா இருப்பேனா? மேசை அசையாமல் பிடிக்கிற பூட்டுத் திருகைத் தளர்த்தி, கைப்பிடியை மூன்று சுற்று முன்னால் சுற்றினேன். அப்புறம் பயம் வந்தது. எண்ணி மூன்று சுற்றுப் பின்னால் கொண்டுவந்து, கைப்பிடி வளையத்தின் கோடு பழைய எண்ணிலேயே நிற்பதைப் பார்த்து, மறுபடி பூட்டினேன். என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மா வந்து மீதித் துளைகளைப் போட்டாள். விவசாயி கொண்டுவந்திருந்த மறுபாதியோடு பொருத்தியபோது ஐந்தாவது போல்ட் இறங்கவில்லை.

"ஏனுங்க, இதைப் பொம்பளைங்க கையிலயா குடுப்பீங்க?" என்றார் அவர். செடி வாடுகிற வயிற்றெரிச்சல், பாவம்.

"எண்ணிச் சுத்தக்கூடத் தெரியாதா ஒனக்கு?" என்றார் அப்பா.

அம்மா கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு என் உள்ளங்கையைப் பார்த்தாள்; கறுப்பாகக் கிரீஸ். ஒரு துணியை எடுத்து என் கையை அழுத்தித் துடைத்துவிட்டு, "எங் கைதான் தப்பிருச்சு. செத்த நேரம் பொறுங்க, வேற போட்டுத் தாரோம்" என்றாள்.

வேறு கப்ளிங்கை அப்பாவே போட்டார். அதற்குப் பிறகு பல மாதம் அம்மாவை அந்தக் கைப்பிடியைத் தொடவிடவில்லை. அவள் இரும்புத்தூள் கூட்டினாள்.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போதுதான் தெரிந்தது, திருகுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டென்று. பழைய மேசையில் அது இன்னும் அதிகம். திசை மாற்றிச் சுற்றினால் முதலில் கைப்பிடி வெறுமனே சுற்றும், மேசை அசையாது. தாண்டிப் போய்விட்டால் கூடுதலாகப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்துதான் நிறுத்த வேண்டும். என் எண் சரியாகத்தான் இருந்தது. மேசைதான் முழுதாகத் திரும்பி வரவில்லை.

எட்டு வயதில் அம்மாதான் எண்ணிக்கையை விட்டுவிட்டாள் என்று நம்பினேன். அன்று சாயங்காலம், கூட்டிக்கொண்டிருந்தவளிடம் போய், "பரவால்லம்மா, அடுத்த தடவ நான் எண்ணித் தாரேன்" என்று பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்தேன்.

"சரி ஆத்தா" என்றாள் அம்மா.